சிங்கி இறாலும் பச்சை மிளகு வெண்ணெயும்

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயிருள்ள மீன் என்றால் அது மேட்டூர் மீன்தான். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தில் பிடிபட்ட கட்லாவும் ரோகுவும் ஜிலேபி மீனும் அன்றைக்கே எங்கள் வீட்டு அடுப்புக்கு வந்துவிடும்; அவற்றுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் எண்ணெயும் போதும் என்பது என் அம்மாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கடல் மீனின் கதை வேறு. கிழக்கே கடலூருக்குப் போவதென்றாலே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம். அந்தத் தூரத்தை ஐஸ் பெட்டியில் கடந்து, மொத்தக் கடையில் ஒரு நாளும் சில்லறைக் கடையில் ஒரு நாளும் கிடந்து வருகிற வஞ்சிரத்தையும் சங்கராவையும் புளி, பூண்டு, மஞ்சள், மல்லித்தூள் என்று தாராளமாகச் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்க வைத்துத்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் சுவையாக்கினார்கள். அது குறைபாடு அல்ல, கடலுக்குத் தொலைவில் வாழ்கிறவர்கள் கண்டுகொண்ட அறிவு. ஆனால் இந்த ஜனவரியில், பொங்கல் விடுமுறைக்கு ஏற்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, ஹோட்டல்களில் லாப்ஸ்டர் என்று சொல்லும் சிங்கி இறால்கள் மூன்று உயிரோடு வந்து சேர்ந்தபோது, அந்தக் கைப்பழக்கத்தை நான் முழுவதுமாக ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது.

ஒதுக்கி வைக்கக் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியிலிருந்து. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சேலத்தில் ஒரு கடையில் ஐஸில் கிடந்த சிங்கி இறால் இரண்டை ஆசைப்பட்டு வாங்கினேன். காலையில்தான் வந்தது என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து ஓட்டைப் பிரித்தபோது தலையை ஒட்டிய சதை ஈர மாவைப் போலக் குழைந்து விரலில் ஒட்டியது. அதை இறால் தொக்கு செய்வதுபோல மசாலாவில் போட்டுப் பதினைந்து நிமிடம் வதக்கினேன். குழைந்த பகுதி குழம்பில் கரைந்து காணாமல் போனது, வால் பகுதி பல்லில் இழுபடும் ரப்பராக மாறியது. ஒரே சதையில் ஒரு முனை குழைவதும் மறுமுனை இறுகுவதும் எப்படி என்று அன்று புரியவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சிங்கி இறாலின் தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி, அது செத்தவுடனேயே தன் நொதிகளைப் பக்கத்துச் சதைக்குள் கசியவிடத் தொடங்கிவிடுகிறது. உயிரோடு இருந்தவரை இரையைக் கரைத்த அதே நொதிகள் இப்போது அதன் சதையையே கரைக்கின்றன. ஐஸ் அந்த வேலையை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆகவே இதை வாங்குவதாக இருந்தால் உயிரோடு வாங்க வேண்டும். இல்லையென்றால் பிடித்த உடனேயே தலையை நீக்கி உறையவைத்த வாலை வாங்க வேண்டும். முழு உடலாகச் செத்துக் கிடப்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோட்டல்களில் லாப்ஸ்டர் என்று எழுதியிருப்பதைப் படிக்கிற பலர், வெளிநாட்டுப் படங்களில் வருகிற பெரிய இடுக்கிகளைத் தேடுகிறார்கள். அது அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீரில் வாழும் வேறு இனம். நம் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்கு இடுக்கி கிடையாது. உடலைவிட நீளமான, முள் நிறைந்த இரண்டு உணர்கொம்புகள்தான் அதன் ஆயுதம். உண்ணக்கூடிய சதை பெரும்பாலும் வாலில் இருக்கிறது. முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் என்று கன்னியாகுமரி மாவட்டக் கரையோரம் முழுவதும் பாறைகளை ஒட்டி வலை போட்டுப் பிடிக்கிறார்கள். பகலில் பாறை இடுக்கில் பதுங்கியிருந்து இரவில் இரைதேடி வெளியே வரும் உயிர் என்பதால், மாலையில் போட்ட வலையை விடியலில் எடுப்பது வழக்கம். அங்கே அதிகம் கிடைப்பது பனுலிரஸ் ஹோமாரஸ் என்ற இனம். கரும்பச்சை உடலில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

என் கொழுந்தனார் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறார். இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து காரில் புறப்பட்டு, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் என்று தேசிய நெடுஞ்சாலை 44-லேயே வந்து, விடிகாலையில் சேலத்தைத் தொட்டு, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி எங்கள் வாசலில் தெர்மகோல் பெட்டியை இறக்கினார். பெட்டிக்குள் கடல் நீரில் நனைத்த சாக்கு, அதன்மேல் மூன்று இறால்கள், மீண்டும் சாக்கு, இரு பக்கமும் செய்தித்தாளில் சுற்றிய ஐஸ் பாட்டில்கள். பெட்டியின் மூடியில் நான்கு துளைகள்.

"அண்ணி, பாவம்னு தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

அந்த எச்சரிக்கை மிகச் சரியானது. கடலில் வாழும் உயிரை நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் இறந்துவிடும். உப்பில்லாத நீர் அதன் உடலுக்குள் புகுந்துவிடும். வெளியே இருந்தாலும், செவுள்கள் ஈரமாகவும் உடல் குளிர்ச்சியாகவும் இருக்கும்வரை அது மணிக்கணக்கில் உயிர் வாழும். ஐஸை நேரடியாகக் கொட்டாமல் பாட்டிலில் உறையவைத்து வைப்பதும், உருகும் நன்னீர் அதன்மேல் படக்கூடாது என்பதற்காகத்தான். நான் ஒன்றைத் துணியால் சுற்றிக் கையில் தூக்கியபோது வாலை வயிற்றுப் பக்கம் படபடவென்று மடக்கி அடித்தது. கூடவே, பழைய மரக்கதவின் கீலைப் போலக் கிரீச் கிரீச்சென்று ஒரு சத்தம். அது வாயிலிருந்து வருவதல்ல. உணர்கொம்பின் அடிப்பகுதியைத் தலை ஓட்டின்மேல் தேய்த்து எதிரியை மிரட்டுவதற்காக எழுப்பும் ஒலி. வால் மடங்குவதும் இந்தச் சத்தமும் இருந்தால் உள்ளே சதை உறுதியாக இருக்கிறது என்று நம்பலாம். தூக்கியதும் வால் கயிறுபோலத் தொங்கினால் ஒதுக்கிவிட வேண்டும்.

எடை போட்டுப் பார்த்தேன். 480 கிராம், 430 கிராம், 390 கிராம். ஏற்றுமதிக்கு இந்த இனம் குறைந்தது 200 கிராம் இருக்க வேண்டும் என்று 2003-இல் மத்திய அரசு வரையறுத்திருக்கிறது. வீட்டுக்கு வாங்குகிறவர்களும் அந்த அளவை மனதில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பெரியது பெண். கடைசி இணைக் காலின் நுனியில் சிறிய கொக்கி போன்ற பிளவு இருந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன். வாலின் அடியில் முட்டைக் கொத்து இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன், இல்லை. லட்சக்கணக்கான முட்டைகளைச் சுமந்து நிற்கும் ஒன்றை வாங்குவதில்லை என்று கொழுந்தனாரும் நானும் முன்பே பேசி வைத்திருந்தோம். அப்படிப்பட்டவற்றைக் கடலிலேயே திரும்ப விடும் மீனவர்களிடம் வாங்குவது, நாளைக்கும் சிங்கி இறால் வேண்டும் என்கிற எல்லோருக்கும் பொறுப்பு.

அடுத்து வந்த வேலையைப் பற்றி எழுதாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. கொதிக்கும் தண்ணீரில் உயிரோடு போடுவதுதான் பல காலமாக இருந்துவரும் முறை. சுவிட்சர்லாந்து 2018-இல் அதைச் சட்டப்படி தடைசெய்தது. நண்டும் இறாலும் சிங்கியும் வலியை உணரக்கூடிய உயிர்கள் என்று பிரிட்டன் 2022-இல் தன் விலங்கு நலச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என் சமையலறையில் அப்படிச் செய்ய எனக்குக் கை வராது. மூன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஐஸுக்குள் புதைத்து, நாற்பது நிமிடம் வைத்தேன். குளிர் ஏற ஏற அது மயங்கிப் போகிறது. கொம்பைத் தொட்டாலும் வாலைத் தொட்டாலும் அசைவு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பலகையில் வைத்தேன். தடித்த துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கனமான கத்தியின் முனையைத் தலை ஓட்டின் நடுக்கோட்டில் ஊன்றி, ஒரே அழுத்தில் கண்களுக்கு நடுவே முன்பக்கமாகப் பிளந்தேன். உடனே திருப்பி வாலின் முனைவரை அதே கோட்டில் வெட்டினேன். இதன் நரம்பு மண்டலம் மனித மூளையைப் போல ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை, உடலின் நடுக்கோடு நெடுகிலும் முடிச்சு முடிச்சாக நீண்டிருக்கிறது. அதனால்தான் நெடுக்காக, தயங்காமல் வெட்ட வேண்டும். கால்கள் அதன்பிறகும் சற்று நேரம் துடிக்கலாம். உயிர் போனபின் எஞ்சும் துடிப்புதான் அது, ஆனாலும் முதல் தடவை பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். எனக்கும் பதறியது.

வெட்டியதும் வழிந்த நீர் தெளிவாக, லேசான நீலம் கலந்து இருந்தது. அதன் குருதியில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதால் அந்த நிறம். சூட்டில் இது முட்டை வெள்ளைபோல உறைந்து திரியும் என்பதால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். தலைக்குள் வாய்க்குப் பின்னால் இருக்கும் மணல் பையையும், வால் நெடுகிலும் ஓடும் கறுப்புக் குடலையும் நீக்கினேன். பச்சையும் பழுப்புமாக இருக்கும் செரிமானச் சுரப்பியைச் சிலர் விரும்பிச் சாப்பிடுவார்கள். கடலில் இருக்கும் நஞ்சுகள் சேர்கிற இடம் அது என்பதால் நான் எடுத்துவிடுவேன். பெண் சிங்கிக்குள் இருந்த செம்மஞ்சள் சினையை மட்டும் ஒரு கிண்ணத்தில் பத்திரப்படுத்தினேன். ஓட்டைத் தண்ணீரில் அலசக் கூடாது. சதையில் இருக்கும் கடலின் உப்பும் இனிப்பும் அதோடு போய்விடும்.

இனி வெண்ணெய். கடையில் விற்கும் உப்பு சேர்த்த வெண்ணெய்க் கட்டி இதற்கு ஆகாது; சிங்கியின் சதையில் இயல்பாகவே உப்பு இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் வாய் கரிக்கும். எங்கள் வீட்டில் தயிரைக் கடைந்து எடுத்த வெண்ணெய் 100 கிராம்தான் இருந்தது. மேலும் 50 கிராமுக்கு, கொங்குப் பக்கத்தில் எல்லோரும் அறிந்த ஊத்துக்குளி வெண்ணெயைச் சேலத்திலிருந்து வாங்கி வந்திருந்தேன். தயிரிலிருந்து எடுத்த வெண்ணெயில் இருக்கும் லேசான புளிப்பு இந்தச் சமையலுக்கு மிகவும் பொருந்துகிறது. பாலாடையிலிருந்து இயந்திரத்தில் எடுத்ததில் அது கிடைப்பதில்லை.

வெண்ணெயை இரண்டு பங்காகப் பிரித்துக்கொண்டேன். முதல் பங்கான 50 கிராமை இரும்புச் சட்டியில் மிதமான தீயில் உருக்கி, சிங்கியின் கால்களையும், உடைத்த கொம்புத் துண்டுகளையும், தலை ஓட்டிலிருந்து நறுக்கி எடுத்த சிறு சில்லுகளையும் அதில் போட்டு வதக்கினேன். கரும்பச்சையாக இருந்த ஓடு கண்ணெதிரே சிவக்கத் தொடங்கியது. அந்தச் சிவப்பு புதிதாக உண்டாவதல்ல. அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி ஓட்டுக்குள் முதலிலிருந்தே இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அதை இறுகப் பற்றிக்கொண்டு நீலமும் பச்சையுமாகக் காட்டுகிறது. சூட்டில் அந்தப் புரதம் குலைந்து பிடியை விட்டதும் செந்நிறம் வெளிப்படுகிறது. அது கொழுப்பில் கரையும் நிறமி. ஆகையால் ஓட்டைத் தண்ணீரில் வேகவைத்தால் கிடைக்காத நிறமும் மணமும் வெண்ணெயில் வதக்கும்போது கிடைக்கின்றன. இருபது நிமிடம், தீ சிறிதும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீ ஏறினால் வெண்ணெயில் இருக்கும் பால் துகள்கள் கருகிக் கசந்துவிடும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டினேன். பொங்கலன்று மாலை வெயில் பட்ட செம்மண் சுவரின் நிறத்தில் இரண்டு கரண்டி வெண்ணெய் கிடைத்தது. வடிகட்டிய ஓடுகளையே மறுபடியும் சட்டியில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கால் டம்ளராகும்வரை வற்ற வைத்து அந்தச் சாற்றையும் எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பொழுதில்தான் அத்தை அடுப்படிக்கு வந்தார். என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. கறிக்குழம்பில் அவர் கையை மிஞ்ச எங்கள் உறவில் ஆள் இல்லை.

"ஏம்மா, இதுக்கு மசாலாவே போடமாட்டியா?"

"இல்லீங்க அத்தை, மிளகு மட்டும்தான்."

மிளகு என்றால் பச்சை மிளகு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820-களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். இன்று காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் எல்லாவற்றிலும் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. ஜனவரியில் சரம் சரமாகப் பச்சை மிளகு முற்றித் தொங்கும். காய்ந்த கறுப்பு மிளகின் காரம் நாக்கின் பின்பக்கம் எரிந்து நிற்கும். பச்சை மிளகின் காரம் முன்பே வந்து, ஒரு இலை வாசனையையும் பழ வாசனையையும் விட்டுவிட்டுப் போகும். சிங்கியின் மென்மையான இனிப்பை அது மறைப்பதில்லை. இரண்டு சரத்தை உருவி அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினேன். அந்த வாசனை சூட்டில் ஆவியாகிவிடும் என்பதால் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

ஆறு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி, இரண்டையும் ஓட்டுச் சாற்றில் போட்டு, ஒரு எலுமிச்சம்பழச் சாற்றில் பாதியை ஊற்றி, மொத்தம் மூன்று தேக்கரண்டி திரவம் எஞ்சும்வரை வற்ற வைத்தேன். பின்னர் சட்டியை இறக்கி, வெந்நீர் நிரம்பிய அகன்ற பாத்திரத்துக்குள் வைத்தேன். மீதமிருந்த 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயை நெல்லிக்காய் அளவில் உருட்டி, ஒவ்வொரு உருண்டையாகப் போட்டு விடாமல் கலக்க வேண்டும். இதில்தான் போன வருடம் தோற்றேன். தீயிலேயே வைத்துக் கலக்கியதால் வெண்ணெய் உருகி எண்ணெயாக மேலே மிதந்தது, சாறு கீழே தங்கியது. 60 டிகிரியை நெருங்கினாலே இந்தக் கலவை பிரிந்துவிடும். உள்ளங்கை தாங்குகிற சூட்டில் சட்டியின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கத்தில் வந்த அளவு.

கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்த என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, உள்ளே போய்ச் சிறிய மத்தை எடுத்து வந்தார். சட்டியை என் கையிலிருந்து வாங்கி, மத்தின் தண்டை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, அவசரமில்லாமல் உருட்டத் தொடங்கினார். நான் உருண்டைகளைப் போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவது உருண்டையில் கலவை பால் கோவாவுக்கு முந்திய பதத்தில், பளபளப்பாக, மத்தின் பற்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. தயிரைக் கடையும்போது நீருக்குள் சிதறிக் கிடக்கும் கொழுப்பு ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு வெளியே வருகிறது. இங்கே அதே மத்து, திரண்ட கொழுப்பை மறுபடியும் சிறு துளிகளாக்கி நீருக்குள் அனுப்புகிறது. அறுபது வருடமாக வெண்ணெயைப் பிரித்தெடுத்த கைகள் அன்று அதைத் திரும்பச் சேர்த்தன. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதம் வந்துவிட்டதா என்று மத்தைத் தூக்கிச் சொட்டுவதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

வெண்ணெய் முழுவதும் சேர்ந்ததும், ஓட்டில் காய்ச்சிய செவ்வெண்ணெயை நூல்போல ஊற்றிக் கலந்தோம். தட்டிய பச்சை மிளகு, பொடியாகக் கிள்ளிய இளங்கறிவேப்பிலை நான்கைந்து, மீதி எலுமிச்சைச் சாற்றில் சில துளிகள், நசுக்கிய சினை. சுவைத்துப் பார்த்துக் கால் சிட்டிகை உப்பு. எப்போதாவது கலவை பிரிவதுபோலத் தெரிந்தால் ஒரு தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டு வேகமாகக் கடைந்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

சிங்கியை வேகவைக்க இட்லிப் பானையா, தோசைக்கல்லா என்று நிறைய யோசித்தேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சேலத்தில் வேகிற நேரத்தில் இங்கே பருப்பு வேகாது என்பது மலையில் குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கீழே சமைப்பவர்கள் சொல்கிற நிமிடக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு ஆவியில் வைத்தால் இங்கே சற்றுக் குறைவாக வெந்திருக்கும். சந்தேகத்தில் கூடுதலாக வைத்தால் அதிகமாக வெந்துவிடும். இரும்புத் தோசைக்கல்லுக்கு இந்த உயரக் கணக்கு கிடையாது. அதனால் கல்லையே தேர்ந்தெடுத்தேன்.

கல்லை நன்றாகக் காயவைத்து, தீயை மிதமாக்கி, பிளந்த பாதிகளின் சதைமேல் உருக்கிய நெய்யைத் தடவி, ஓட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஆழமான மூடியால் மூடினேன். ஓடு கேடயம்போல நேரடிச் சூட்டைத் தடுக்கிறது. சதை தன் சாற்றின் ஆவியிலேயே வேகிறது. நான்கு நிமிடத்தில் திறந்தேன். கண்ணாடிபோல இருந்த சதை ஓரங்களில் பால் வெள்ளையாகி, நடுவில் மட்டும் ஒரு கோடு அளவுக்கு மங்கலாக இருந்தது. அந்தக் கோடு மறைவதற்குள் புரட்டி, சதைப் பக்கத்தை ஒரே ஒரு நிமிடம் கல்லில் வைத்தேன்; கொஞ்சம் பொன்னிறம் பிடித்ததும் எடுத்துவிட்டேன். இறைச்சிக்குப் பயன்படுத்தும் வெப்பமானியை வாலின் தடித்த இடத்தில் செருகிப் பார்த்ததில் 60 டிகிரி காட்டியது. தட்டில் இருக்கும்போதே இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். உணவுப் பாதுகாப்புக்குச் சொல்லப்படும் அளவு 63 டிகிரி. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் பரிமாறும்போது அதை எட்டியதை உறுதிசெய்துகொள்ள வேண்டும், அத்தையின் பங்கை நான் அப்படித்தான் செய்தேன். அதற்குமேல் போகப் போகச் சதை இழைகள் சுருங்கி, தமக்குள் வைத்திருக்கும் நீரைத் துணி பிழிவதுபோலப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் மென்ற ரப்பர் அதுதான். அன்று பதினைந்து நிமிடம் வதக்கினேன். இன்று மொத்தமே ஐந்து நிமிடம்.

பக்கத்தில் என்ன வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. சேலத்தைச் சுற்றி விளையும் மரவள்ளிக் கிழங்கில் பெரும்பகுதி சேகோ ஃபேக்டரிகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. நாகர்கோவில் பக்கத்தில் அதே கிழங்கு மீனுக்குத் துணையாக இலையில் உட்காருகிறது. தோலும் உள்நாரும் நீக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, உப்பு மட்டும் சேர்த்து மசித்தும் மசிக்காமலும் வைத்தேன். சோறு வெண்ணெயை வழுக்கிவிடும், கிழங்கு உறிஞ்சிக்கொள்ளும்.

தட்டுகளை வெந்நீரில் போட்டுச் சூடாக்கித் துடைத்துத்தான் பரிமாறினேன். ஜனவரி இரவில் ஏற்காட்டுப் பீங்கான் தட்டு பனிக்கட்டிபோல இருக்கும். அதில் வெண்ணெய்க் கலவையை ஊற்றினால் பேச்சு முடிவதற்குள் மெழுகுபோல உறைந்துவிடும். வெண்ணெயைச் சிங்கியின் மேல் முழுக்க ஊற்றாமல், சதையின்மேல் ஒரு கரண்டியும் கிழங்கின்மேல் ஒரு கரண்டியுமாக ஊற்றி, மீதியைக் கிண்ணத்தில் நடுவே வைத்தேன். கொழுந்தனாரின் மகனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, தடித்துவிடும். அவனுக்கு ஓடு சேர்க்காத வெறும் மிளகு வெண்ணெயும் கிழங்கும் தனிச் சட்டியில், தனிக் கரண்டியில். 430 கிராம் சிங்கியில் உண்பதற்கு எஞ்சியது 150 கிராம் சதைகூட இல்லை, மூன்றின் சதையும் ஐந்து பேருக்குப் பங்கானது. ஆனால் பல் பட்டதும் ஒரு நொடி எதிர்த்துப் பிறகு விட்டுக்கொடுக்கும் அந்தச் சதையையும், அதில் இளநீர் வழுக்கையின் இனிப்பு போன்ற ஒன்று முதலில் வந்து, பின்னாலேயே பச்சை மிளகு வந்து, கடைசியில் ஓட்டின் வறுத்த மணம் தங்குவதையும் அளவாகச் சாப்பிட்டபோதுதான் என்னால் முழுமையாகக் கவனிக்க முடிந்தது. மூடியைத் திறந்தபோது கொழுந்தனார் கண்ணை மூடிக்கொண்டு, "கடல் வாசம் இன்னும் இருக்குங்க அண்ணி" என்றார். மசாலாவில் போட்டிருந்தால் அந்த வாசம் இந்த மலைக்கு வந்ததற்கு அடையாளமே இருந்திருக்காது.

அத்தை ஓட்டுக்குள் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தெடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "மேட்டூர் மீனையும் இப்படி வெண்ணெயில பண்ணிப் பார்க்கலாமே" என்றார். கட்லாவின் வயிற்றுத் துண்டில் முயற்சி செய்யலாம் என்று நினைக்கிறேன். அதற்கு ஓட்டு வெண்ணெய் கிடையாது, மிளகும் எலுமிச்சையும் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

கிண்ணத்தில் மீந்த வெண்ணெய் ஏறத்தாழ நான்கு கரண்டி இருந்தது. அதை மறுபடி அடுப்பில் சூடாக்கினால் பிரிந்துவிடும் என்பதால் உறையவிட்டு, வாழை இலையில் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மூன்று நாளைக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மறுநாள் காலையில் சூடான தோசையின்மேல் ஒரு துண்டு வைத்துத் தேய்த்தேன். ஓடுகளை எல்லாம் கழுவிக் கொதிக்கவைத்த நீரில் அத்தை மிளகு ரசம் வைத்தார். அதில் புளியும் பூண்டும் அவர் இஷ்டத்துக்குப் போட்டார், நான் குறுக்கே பேசவில்லை.